படகை விட்டுக் கரையேறிய எஞ்சின்



வரலாறு என்றதும் அரசரும் போரும் உடன்படிக்கையும் நினைவுக்கு வருதல் இயல்பே. பாட நூல்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்நூல்களையே நடத்திய எனக்கும் அப்பழக்கம் உண்டு. இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு சிறிய எந்திரத்தின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். மீன்படகைச் செலுத்துவதற்கென்று வார்க்கப்பட்ட எஞ்சின் ஒன்று, படகை விட்டுக் கரையேறி, வீட்டிலேயே செய்துகொண்ட வாள்பட்டறையில் மரம் அறுக்கப் புகுந்த கதை அது.

நான் வாழும் ஊர் தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசை. வலசை என்றால் ஓரிடம் விட்டு வேறிடம் சென்று தங்குதல். பறவைகள் வலசை போகின்றன என்று சொல்கிறோம் அல்லவா? கணக்கப்பிள்ளைவலசை முதலாக, இச்சொல்லில் முடியும் ஊர்ப்பெயர்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் உண்டு. மனிதரும் பறவையும் மட்டும் வலசை போவதில்லை; எந்திரமும் போகும். அது ஏன் போகிறது, போகும்போது எதை எதைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது என்பதே இன்றைய பேச்சு.

முதலில், எஞ்சின் வருவதற்கு முன் மரம் அறுத்தவர் யார் என்று பார்ப்போம். ஆட்கள் இருவர், வாள் ஒன்று, அவ்வளவுதான். வெட்டி வீழ்த்திய மரத்தைக் கோடரியால் நான்கு புறமும் செதுக்கிச் சதுரமாக்குவர். கரி தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால், மரத்தின்மேல் நேர்கோடு விழும். பின்னர் மரத்தைக் கவைக்கால்களின்மேல் ஏற்றியோ, குழியின் குறுக்கே கிடத்தியோ அறுப்பர். மேலாள் மரத்தின்மேல் நின்று, கோடு பிசகாமல் வாளை நடத்துவார். கீழாள் அடியில் நின்று இழுப்பார். வாள் மரத்தைக் கடிப்பது கீழ்நோக்கி வரும்போதுதான். ஆகவே பாரம் பெரும்பாலும் கீழாளுக்கே. கண்ணிலும் மூக்கிலும் விழும் தூளும் அவருக்கே. கோட்டைப் பார்க்கும் பெருமை மட்டும் மேலாளுக்கு. உலகெங்கும் இத்தொழில் இவ்வாறே நடந்தது என்பது வியப்பான செய்தி. ஐரோப்பாவின் பழைய ஓவியங்களில் காணும் அறுப்புக்காரரும், நம் தச்சர் வீட்டு முற்றத்தில் நின்ற அறுப்புக்காரரும் ஒரே கோலத்தில்தான் இருக்கின்றனர்.

இந்த வேலையை மனிதர் தோளிலிருந்து இறக்கிவிட முயன்ற முயற்சி மிகப் பழையது. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள ஹியராபோலிசு என்னும் பண்டை நகரில், கி.பி. 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறைப் பேழை ஒன்றில் ஓர் எந்திரம் செதுக்கப்பட்டிருக்கிறது. நீர்ச்சக்கரம் சுழல, அதனோடு இணைந்த தண்டுகள் இரண்டு வாள்களை முன்னும் பின்னும் இழுக்கின்றன. அது அறுத்தது மரத்தையன்று, கல்லை. ஆயினும், சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் நுட்பம் அங்கே தெளிவாக இருக்கிறது. ஆற்றோட்டம் குறைந்த ஆலந்து நாட்டில், 1594-இல் கொர்னேலிசோன் என்பவர் காற்றாலையைக் கொண்டு மரம் அறுத்துக் காட்டினார். அந்நாட்டின் கப்பல் தொழில் ஓங்கியதற்கு அத்தகைய காற்றாலைகள் பெருந்துணையாயின. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: அன்று வாள்பட்டறை படகுக்காக உழைத்தது. நம் கதையில் படகு வாள்பட்டறைக்காக உழைக்கும்.

இலண்டன் நகரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். லைம்ஹவுஸ் என்னும் பகுதியில் சார்லஸ் டிங்லி என்ற வணிகர் காற்றால் இயங்கும் மர அறுவை ஆலை ஒன்றை நிறுவினார். 1768-ஆம் ஆண்டு மே மாதம், ஏறத்தாழ ஐந்நூறு கையறுப்புக்காரர்கள் திரண்டு வந்து அதை உடைத்தனர். அடுத்த ஆண்டே பாராளுமன்றம், ஆலையை உடைப்பது பெருங்குற்றம் என்று சட்டம் இயற்றியது. உடைத்தவர்களை அறிவிலிகள் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் கணக்கு அறியாதவர்கள் அல்லர். அந்த வாளின் பின்னே எத்தனை கீழாள்களின் கூலி போகும் என்று அவர்கள் சரியாகவே கணக்கிட்டிருந்தார்கள்.

நீராவி வந்தபின் பெரிய ஆலைகள் எழுந்தன. ஆனால் நீராவி எஞ்சினுக்குக் கொதிகலன் வேண்டும், அதைக் கவனிக்கத் தேர்ந்த ஆள் வேண்டும், முதல் வேண்டும். பத்து வீடுகளுள்ள சிற்றூருக்கு அது எட்டாத பொருள். எட்டும் பொருளாக ஒன்று வந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். 1890-இல் ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் ஓர் எண்ணெய் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் தலையிலுள்ள குமிழை ஊதுவிளக்கால் சுடவைத்துவிட்டால், எண்ணெய் அதில் பட்டு ஆவியாகிப் பற்றிக்கொள்ளும். பிறகு தன் சூட்டிலேயே ஓடும். ருடால்ஃப் டீசல் தம் எஞ்சினை வெற்றியாக ஓட்டிக் காட்டியது 1897-இல். சுவீடன் நாட்டின் போலிண்டர் தொழிற்சாலை, குமிழ் எஞ்சின்களைச் செய்து மீன்படகுகளுக்கு அளித்தது. அந்த வகை எஞ்சினே வட ஐரோப்பாவில் படகையும் ஓட்டிற்று, கதிரடிக்கும் பொறியையும் சுழற்றிற்று, மரத்தையும் அறுத்தது.

படகு எஞ்சின் கரையேறிய கதை முழு உருவில் தெரிவது அட்லாண்டிக் கடலின் மறுகரையில்: கனடாவின் நோவா ஸ்கோஷாவிலும், 1949-இல் அந்நாட்டோடு இணைந்த நியூபவுண்டுலாந்துத் தீவிலும். அங்கே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீனவர் படகுகளுக்குத் துடுப்பும் பாயும் போய், சிறிய பெட்ரோல் எஞ்சின் வந்தது. நோவா ஸ்கோஷாவில் பிரிட்ஜ்வாட்டர் என்னும் ஊரில் 1908-இல் தோன்றிய அக்கேடியா நிறுவனமும், லூனன்பர்க் வார்ப்படச் சாலையும் அவற்றைச் செய்து விற்றன. ‘மேக் அண்டு பிரேக்’ என்பது அவற்றின் வழக்குப் பெயர். சேர்த்து விலக்குவது என்று நாம் சொல்லலாம். உருளையின் உள்ளேயே இரு உலோக முனைகள் ஒன்றைஒன்று தொட்டு, சட்டென்று விலகும். விலகும் அந்தக் கணத்தில் பொறி தெறிக்கும், எரிபொருள் பற்றும். ஒரே உருளை, ஒரே பிஸ்டன், பக்கத்தில் கனத்த இரும்புச் சக்கரம். பல் மாற்றும் பெட்டி கிடையாது. அந்தச் சக்கரத்தைக் கையால் ஆட்டித்தான் எஞ்சினைக் கிளப்புவர். நிமிடத்திற்குச் சில நூறு சுற்றே ஓடும். ‘புட் புட்’ என்ற அதன் ஓசையைக் கேட்டே, மூடுபனிக்குள் வருவது யாருடைய படகு என்று வீட்டிலிருப்போர் சொல்லிவிடுவார்கள் என்று அப்பகுதி மக்கள் பெருமையாகக் கூறுவதுண்டு.

கோடையில் அவர்களுக்குக் கடல், குளிர்காலத்தில் காடு. பனி படர்ந்த நாட்களில் மரம் வெட்டிச் சறுக்குவண்டியில் இழுத்து வருவர். வீடு கட்ட, படகு கட்ட, மீன் உலர்த்தும் பரண் போட எல்லாவற்றிற்கும் பலகை வேண்டும். பலகை அறுத்துத் தரும் ஆலை அருகில் இல்லை. இருந்தாலும் கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை. கொட்டகையிலோ, படகிலிருந்து கழற்றிய எஞ்சின் சும்மா கிடக்கிறது. அல்லது புதியது வாங்கியபின் பழையது மூலையில் துருப்பிடிக்கிறது. தேவையும் பொருளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது, ஒன்றை மற்றொன்றோடு பூட்ட எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சிறு வாள்பட்டறைகள் அவ்வாறே தோன்றின.

பூட்டுவது எப்படி என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு இதில் நல்ல பாடம் இருக்கிறது. எஞ்சினைப் பருமனான மரச்சட்டத்தில் போல்ட்டுப் போட்டு இறுக்குவர். விசிறியைச் சுழற்றும் தண்டைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் ஒரு புல்லியை மாட்டுவர். படகில் எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் நீர் ஓடிக்கொண்டிருக்கும். கரையில் அதற்கு ஒரு பீப்பாய்த் தண்ணீர். மறுபுறம் வட்டவாளின் அச்சு. பழைய மோட்டார் காரின் அச்சையே அதற்குப் பயன்படுத்தியவர்கள் பலர். இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கும். மரக்கட்டையைத் தாங்கிய தள்ளுவண்டியைத் தண்டவாளம் போன்ற சட்டங்களின்மேல் கையால் தள்ளுவர்.

இப்போது கணக்கு. வட்டவாளின் விளிம்பு வினாடிக்கு 45 முதல் 50 மீட்டர் வரை ஓடினால் அறுப்பு நன்றாக அமையும் என்பது தொழிலில் வழங்கும் அளவு. 76 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளுக்குச் சுற்றளவு ஏறத்தாழ 2.39 மீட்டர். அது நிமிடத்திற்கு 1,200 சுற்றுச் சுற்றினால், விளிம்பின் வேகம் வினாடிக்கு 48 மீட்டர் அளவில் வரும். எஞ்சின் ஓடுவதோ 400 சுற்று. ஆகவே எஞ்சினின் புல்லி, வாளின் புல்லியைப்போல மூன்று மடங்கு பெரியதாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் பள்ளியில் நான் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், ‘பை’ எதற்குப் பயன்படும் என்று கேட்ட பிள்ளைகள் பிறகு கேட்டதில்லை.

ஆனால் படகு எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவரும்போது ஓர் இடர் உண்டு. அதை நூலறிவு இல்லாத மீனவர்கள் கையறிவால் உணர்ந்துகொண்டார்கள் என்பதே என்னை வியக்க வைப்பது. நீரில் சுழலும் விசிறிக்கு வேகம் இருமடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைச் சுழற்ற எட்டு மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே எஞ்சின் மிதமிஞ்சி ஓட முயன்றால், கடல் நீரே அதைப் பிடித்து நிறுத்திவிடும். வேகத்தை ஆளும் தனிக் கருவி படகில் பெரிதும் தேவைப்படவில்லை. மரத்தின் இயல்பு வேறு. வாள் மரத்தைக் கடிக்கும்போது பளு முழுவதும் ஏறுகிறது. மறுமுனையில் வெளிவந்ததும் பளு ஒரேயடியாக இல்லாமற் போகிறது. அப்போது எஞ்சின் தறிகெட்டு ஓடும். ஆகையால் ஓர் ஆள் எரிபொருள் திறப்பில் கையை வைத்துக்கொண்டே நிற்பார். கனத்த சக்கரம் இன்னும் கனமாக இருப்பதற்காக, கூடுதலாக இரும்பு சேர்த்தவர்களும் உண்டு.

மற்றோர் இடர்: இந்த எஞ்சின் இரு திசையிலும் ஓடக்கூடியது. படகைப் பின்னோக்கிச் செலுத்த வேண்டுமானால், பொறியை நிறுத்தி, சக்கரம் ஓயும் தறுவாயில் மீண்டும் பற்றவைப்பார்கள். எஞ்சின் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். கடலில் அது வசதி. வாள்பட்டறையிலோ, எஞ்சின் தவறான திசையில் கிளம்பிவிட்டால் வாளின் பல் முதுகைக் காட்டிக்கொண்டு சுழலும், மரம் அறுபடாது. கிளப்பியதும் திசை பார்த்த பிறகே கட்டையைத் தள்ள வேண்டும். எஞ்சினை நிறுத்திவைத்த இடம் காரணமாக நிரந்தரமாகவே திசை மாறி வந்தால், பெல்ட்டை எட்டு என்ற எண்ணைப்போல் ஒருமுறை முறுக்கி மாட்டிவிடுவர், சுழற்சி திரும்பிவிடும்.

நம் நாட்டில் இந்த வலசை பெரும்பாலும் எதிர்த்திசையில் நடந்தது. இங்கே எஞ்சின் முதலில் இறங்கிய இடம் கடல் அன்று, கிணறு. இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 முதல் செய்த மெதுவோட்ட டீசல் எஞ்சின், நிமிடத்திற்கு 600, 650 சுற்று ஓடும் உறுதியான எந்திரம். அதன் அச்சில் வார்த்த எஞ்சின்களைக் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் நாடெங்கும் அனுப்பின. கமலை கட்டிய மாடுகளை அவை இளைப்பாற வைத்தன. பிறகு அத்தகைய சிறு டீசல் எஞ்சின்கள் தமிழகக் கடற்கரை வள்ளங்களில் நீண்ட தண்டும் விசிறியும் பூட்டிக்கொண்டு கடலிலும் ஓடின.

கடலுக்கென்றே வந்த எஞ்சினும் எங்களுக்கு அயலானதன்று. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் 1952 அக்டோபரில் செய்த உடன்படிக்கையின்படி, 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. எந்திரப் படகு அந்தக் கரைக்குப் பெருமளவில் வந்தது அதன் வழியே. அப்போது நீண்டகரையும் எங்கள் செங்கோட்டையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் இருந்தன. செங்கோட்டை சென்னை இராச்சியத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளில். மலையைக் குடைந்து போட்ட இரயில் பாதை 1904-லேயே இவ்விரு பக்கங்களையும் இணைத்திருந்தது. கேரளப் படகுகளுக்கு ஏற்ற மரம் ஆஞ்சிலி. அதுவும் இந்த மலைத்தொடரின் மரமே.

கருவியைத் தொழில் மாற்றிய எளியவர்களைப் பற்றிப் பேசும்போது, வியத்நாமின் மீகாங் கழிமுகத்தை விட்டுவிடக் கூடாது. 1962, 1963-ஆம் ஆண்டுகளில் அங்கே உழவர் சிலர், சிறு படகின் விசிறியைத் தகரக் குழாய்க்குள் நுழைத்து, படகு எஞ்சினாலேயே சுழற்றி வயலுக்கு நீர் இறைத்தனர். எந்த அரசும் சொல்லித் தரவில்லை. சில ஆண்டுகளில் கழிமுகம் எங்கும் அது பரவிற்று. இராபர்ட் சான்சம் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட தம் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். காலையில் படகு, பகலில் இறைவைப் பொறி, எஞ்சின் ஒன்றே.

எங்கள் பக்கத்துக்கு வருவோம். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் மின்கம்பிகள் ஊர் ஊராக வந்தன. கிணறுகளில் மின்மோட்டார் அமர்ந்தது. எண்ணெய் எஞ்சினுக்கு வேலை போயிற்று. நான் பள்ளிச் சிறுவனாக இருந்த 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அவ்வாறு கிணற்றை விட்டு ஏறிய எஞ்சின் ஒன்று ஒரு வாள்பட்டறையில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஓலைக் கூரை, நான்கு பனந்தூண், நடுவே எஞ்சின், பக்கத்தில் வட்டவாள். வாளின்மேல் மூடி கிடையாது. அதை ஓட்டியவருக்கு இடக்கையில் இரண்டு விரல் இல்லை. நாங்கள் அருகில் போனால் அந்தக் கையைத்தான் தூக்கிக் காட்டுவார். வேறு எச்சரிக்கைப் பலகை அங்கே தேவைப்படவில்லை. கையறுப்பு வேலை பார்த்த முதியவர் ஒருவர், அதே பட்டறையில் தூள் அள்ளிக்கொண்டிருந்தார். கீழாளாக இருபது ஆண்டு வாள் இழுத்தவர் என்று என் தந்தையார் சொன்னார். இலண்டனில் அன்று ஆலையை உடைத்தவர்களின் அச்சம் என்ன என்பது, பின்னர் கல்லூரியில் படித்தபோது, அந்த முதியவரின் முகத்தோடுதான் எனக்கு விளங்கிற்று.

கூலியோடு கணக்கு முடிந்துவிடவில்லை. மரத்தின் கணக்கும் இருக்கிறது. மெல்லிய கைவாள் அறுக்கும்போது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மரம் தூளாகிறது என்று கொள்வோம். வீட்டில் செய்த வட்டவாள் தடிப்பானது. அது 6 மில்லிமீட்டர் தின்னும். 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகளாக அறுத்தால், கைவாளில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகவும், வட்டவாளில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் தூளாய்ப் போகிறது. வேகமாக அறுக்கிறது, மிகுதியாகவும் வீணாக்குகிறது. ஒரு மரத்தில் இது சிறிது. ஒரு மலையில் சிறிதன்று. நியூபவுண்டுலாந்தில் கடற்கரையிலிருந்து மூன்று மைல் வரையுள்ள காட்டை, மீனவர் தம் வீட்டுத் தேவைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று ஒதுக்கியிருந்தார்கள். கோடரிக்கும் கைவாளுக்கும் ஏற்றதாக வகுத்த அந்த உரிமை, எஞ்சின் பூட்டிய வாளுக்கும் அப்படியே பொருந்திவிட்டது.

நம் நாட்டில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்ப் பகுதியில் காடு அழிக்கப்படுவதைத் தடுக்க வேண்டுமென்று நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12-ஆம் நாள் வந்த ஆணை நாடு முழுவதையும் தழுவியது. மத்திய அரசின் ஒப்புதல் இன்றிக் காட்டுக்குள் நடக்கும் மர அறுவை ஆலைகள் யாவும் உடனே நிற்க வேண்டும் என்றது. புதிய ஆலைகளுக்கு உரிமம் தருவதையும் 2002-இல் அந்நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. ஓலைக் கூரையும் பழைய எஞ்சினும் போதும் என்றிருந்த காலம் சட்டப்படி முடிந்தது. இந்த ஆணையால் பிழைப்பை இழந்த எளியவரும் உண்டு. நான் அதை மறைக்க விரும்பவில்லை. எனினும் குற்றால மலையைத் தினம் பார்த்துக்கொண்டு வாழ்பவன் என்ற முறையில், ஆணை வந்தது நன்று என்பதே என் எண்ணம்.

இன்று எங்கள் வட்டாரத்து வாள்பட்டறைகளில் மின்மோட்டார் ஓடுகிறது. வட்டவாளுக்குப் பதில் மெல்லிய பட்டைவாள் ஓடுகிறது. தூள் குறைவு, ஓசையும் குறைவு. அண்மையில் மாணவர் சிலரை அத்தகைய பட்டறை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். வாசலில் கிடந்த பருத்த கட்டைகளின் முனையில் வண்ணத்தால் எண்கள் எழுதியிருந்தன. ஒரு மாணவி மேற்கே கைகாட்டி, “இது அந்த மலையில் எந்தப் பக்கத்து மரம் ஐயா?” என்று பட்டறைக்காரரைக் கேட்டாள்.

“மலை மரம் இல்ல தாயி. இது தூத்துக்குடிக்குக் கப்பல்ல வந்தது” என்றார் அவர்.